எண்ணெய் காணாத செயின்

மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் ஜாதகமும் வெற்றிலை பாக்கும் கொண்டுபோவார்கள். நான் ஒரு டின் சைக்கிள் எண்ணெய் கொண்டுபோனேன்.

காரணம் இருக்கிறது. உறையூரில் எனக்குச் சைக்கிள் கடை. மெஷின் ஆயிலில் விளக்கெண்ணெயை ஒரு பக்குவமாகக் கலந்து நானே தயாரிக்கும் செயின் எண்ணெய்க்கு ஸ்ரீரங்கம் வரையில் கிராக்கி உண்டு. இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அத்தை, தன் மகன் மாணிக்கத்துக்கு என் தங்கை கமலாவைக் கேட்டு எழுதியபோது, பையன் வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறான் என்று சேர்த்து எழுதியிருந்தாள். அம்மா சம்பளம் எவ்வளவு என்று தேடினாள். எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. சைக்கிள் விடுகிறவன் கெட்டவனாக இருக்கமாட்டான் என்பது என் கட்சி.

கமலாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. நான் பெட்டி கட்டும்போது பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்.

"அண்ணே, அப்பா வேட்டி, அப்புறம் உன் வேட்டின்னு எண்ணெய்க் கறை துவைச்சே என் கை தேஞ்சு போச்சு. மூணாவதா ஒரு எண்ணெய்க் கையைக் கொண்டுவந்து என் தலையில கட்டிடாதே. மத்தபடி ஆள் குட்டையோ நெட்டையோ, எனக்கு ஒண்ணும் இல்லை."

நான் சிரித்தேன். சைக்கிள் கடைக்காரன் தங்கை எண்ணெயைக் குறை சொல்வது, மீன்காரி நாற்றத்தைக் குறை சொல்வது போலத்தான். ஆனால் அப்பா இல்லாத வீடு. போய்ப் பார்த்துவிட்டு நான் 'சரி' என்றால் கல்யாணம், 'வேண்டாம்' என்றால் அத்தை உறவே அறுந்துபோகும். அந்தப் பொறுப்பு பெட்டியைவிடக் கனமாக இருந்தது.

கப்பலையும் விசாவையும் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை மலை ஏறாது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வழியில் எங்கேயோ டின்னின் மூடி தளர்ந்து, அம்மா கொடுத்துவிட்ட முறுக்கில் பாதி என் எண்ணெயில் ஊறிவிட்டது. சுங்க அதிகாரி ஒரு முறுக்கை எடுத்து முகர்ந்தார். பிறகு என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்பிவிட்டார்.

அட்டன் ஸ்டேஷனில் இறங்கியதும், வாயைத் திறந்தால் புகை வந்தது. பீடி இல்லாமலே புகை விடுகிற சௌகரியம் திருச்சியில் ஏது? பிளாட்பாரத்திலேயே நின்று கொஞ்ச நேரம் ஊதி விளையாடினேன். மூட்டையோடு நின்ற ஒரு அம்மாள் தன் புருஷனிடம், "ஊர்லேருந்து புதுசா வந்திருக்காங்க போல" என்றாள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, எனக்காகவே ஒரு பெரிய புகையாக ஊதிக் காட்டினார்.

வெளியே கடையில் சாயத்தண்ணி குடித்தேன். பால் விடாத தேநீருக்கு இங்கே அந்தப் பெயர். சர்க்கரையைக் கலக்கித் தருவதில்லை, உள்ளங்கையில் கொட்டிவிடுகிறார்கள். ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று போகவேண்டும். எனக்குப் பழக்கமில்லாததால் தேநீர் தீர்ந்து சர்க்கரை மிஞ்சியது. கடைக்காரர் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். இப்போது சர்க்கரை தீர்ந்து தேநீர் மிஞ்சியது. அவர் இன்னும் கொஞ்சம் கொட்டினார். இரண்டும் ஒன்றாகத் தீர்ந்தபோது பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த பஸ் ஒரு வளைவில் 'இனி என்னால் ஆகாது' என்று நின்றுவிட்டது. கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ அறிவித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் எனக்குத் தமிழில் சொன்னார்: "முன்னால இருக்கிறவங்க எல்லாம் இறங்கித் தள்ளணுமாம். பின்னால இருக்கிறவங்க, பஸ் பின்னுக்குப் போகாம பாரமா உக்காந்திருக்கணுமாம்." இந்த விஞ்ஞானத்தை யாரும் ஆட்சேபிக்கவில்லை. நான் பின்னால் இருந்தவன். பாரமாக உட்கார்ந்து என் கடமையைச் செய்தேன். பஸ்ஸும் நகர்ந்தது.

மஸ்கெலியாக் கடைத்தெருவில் மாணிக்கம் சைக்கிளோடு காத்திருந்தார். காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரைக்கும் வெள்ளை வெளேரென்று மேஜோடு என்கிற காலுறை, மேலே கம்பளிக் கோட்டு. முகம் நல்ல முகம்தான். ஆனால் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. முடி காற்றில் பஞ்சாகப் பறந்தது. எங்கள் பக்கம் எழவு வீட்டுக்காரர்கள்தான் அப்படித் தலையோடு தெருவுக்கு வருவார்கள்.

"வாங்க மச்சான். பிரயாணமெல்லாம் சொகமா இருந்திச்சுங்களா?"

சுகம் என்று சொல்லிக்கொண்டே குனிந்து சைக்கிளைப் பார்த்தேன். மற்றவர்கள் மாப்பிள்ளையின் நடையைப் பார்ப்பார்கள், நான் செயினைப் பார்ப்பேன். பார்த்தவுடன் எனக்குத் திக்கென்றது. செயின் சாம்பல் பூத்தமாதிரி வெளுத்துக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. என் அனுபவத்தில் செயினைத் தொட்டு விரல் கறுக்காமல் திரும்பியது அதுவே முதல் தடவை.

"எண்ணெய் போடுறதில்லையா, மாணிக்கம்?"

"இல்லீங்க மச்சான். மெழுகு போட்டிருக்கேன்."

"மெழுகா?"

"மெழுகுதிரி மெழுகுங்க. எதுக்குன்னா, நம்ம ஸ்டோருல..."

அவரை நான் மேலே பேச விடவில்லை. எண்ணெய் தானாகவே இண்டு இடுக்கெல்லாம் ஓடிப் பாயும், மெழுகுக்கு அந்தச் சமர்த்து கிடையாது, மழையில் துருப்பிடிக்கும் என்று ஆரம்பித்து, கடைத்தெரு முடிந்து தேயிலைச் செடிகள் தொடங்குகிற வரைக்கும் பிரசங்கம் செய்தேன். மாணிக்கம் இரண்டு மூன்று தடவை வாயெடுத்தார். பிறகு விட்டுவிட்டார்.

ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். ஏற்றம் முடிந்ததும் இறக்கம். அதில் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு சைக்கிளோடு இழுபட்டு ஓடினோம். மறுபடி ஏற்றம். ஏறும்போது தள்ளுகிறார்கள், இறங்கும்போது அதுவாக ஓடுகிறது. இந்த ஊரில் செயினுக்கு வேலையே இல்லையே என்றேன்.

"லயத்தடியிலேருந்து ஸ்டோருக்குப் போற ரோட்டு மட்டும் சமமா இருக்கும்ங்க. அங்க மிதிக்கலாம்" என்றார் மாணிக்கம்.

அந்தக் கொஞ்ச தூரத்துக்காக ஒரு மனிதன் மெழுகு உருக்குகிறானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளை லயம் என்றும், தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றும் இவர்கள் சொல்கிறார்கள். அங்கே ஏதோ மூட்டை நிறுக்கிற வேலையாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அத்தை என் கன்னத்தைத் தடவி அழுதாள், பிறகு ரொட்டி சுட்டாள். கோதுமை மாவில் தேங்காய்ப் பூ போட்டுப் பிசைந்து, கல்லில் எண்ணெயே விடாமல் வாட்டி எடுத்த கனத்த ரொட்டி. கூட, மாசிக் கருவாட்டை இடித்துப் போட்ட தேங்காய்ச் சம்பல். அதிலும் எண்ணெய் இல்லை. உறைப்பில் காது இரண்டும் சூடாகிக் குளிர் விட்டுப்போனது. வயிறு கேட்டுக்கேட்டு வாங்கிக்கொண்டது. மனம் மட்டும் வேறு கணக்குப் போட்டது. தலைக்கு எண்ணெய் இல்லை, ரொட்டிக்கு எண்ணெய் இல்லை, செயினுக்கும் இல்லை. இது கடைந்தெடுத்த கஞ்சன் வீடு. கமலா இங்கே வந்தால் தாளிப்பதற்குக்கூட அனுமதி கேட்கவேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாணிக்கம் செயினைக் கழற்றி வெந்நீரில் அலசிக் காயவைத்தார். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை ஒரு பால்மாவு டின்னில் போட்டு அடுப்பில் ஏற்றினார். உருகியதும் செயினை முறுக்கு மாதிரிச் சுருட்டி உள்ளே இறக்கினார். சின்னச் சின்னக் குமிழியாக வந்துகொண்டே இருந்தது.

"குமிழி நின்னுச்சுன்னா மெழுகு உள்ள போயிருச்சுன்னு அர்த்தம்ங்க" என்றார்.

"ஆக்குற சோத்துக்குப் பக்கத்துல சங்கிலிய வறுக்குறான் பாரு. எந்த ஊர்லயாவது உண்டா தம்பி?" என்று அத்தை என்னிடம் முறையிட்டாள்.

நானும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். குமிழி நிற்கிறதா என்று மூன்று பேரும் அடுப்பைச் சுற்றிக் குனிந்து பார்த்தது எனக்கே சிரிப்பாக இருந்தது. வெளியே எடுத்துத் தொங்கவிட்டபோது செயின் கருவாடு மாதிரி விறைத்துக்கொண்டது. மாணிக்கம் ஒவ்வொரு கண்ணியாக மடக்கி மடக்கி இளக்கினார். அத்தனையும் செய்து முடித்தபின் அவர் கையைப் பார்த்தேன். இலை போட்டுச் சாப்பாடு பரிமாறலாம், அவ்வளவு சுத்தம்.

"மழை பெய்தால்?"

"மழை நாள்ல வாராவாரம் காய்ச்சணும்ங்க."

"எண்ணெய் விட்டால் ஒரு நிமிஷ வேலையாயிற்றே."

"அதுதாங்க மச்சான், நான் சொல்ல வந்தது..."

இந்த இடத்தில் நான் என் டின்னை எடுத்து வந்து அதன் மகிமையைச் சொல்ல ஆரம்பித்தேன். மாணிக்கம் மரியாதையாகக் கேட்டார், முகத்தை மட்டும் கொஞ்சம் அப்பால் திருப்பி வைத்துக்கொண்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் ஆளை வெறுக்க முடியவில்லை. தூங்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். கஞ்சத்தனம் ஒரு வியாதி. நல்ல எண்ணெயின் சுகத்தை ஒரு தடவை கண்டுவிட்டால் பையன் திருந்திவிடுவான், கமலாவுக்கும் நல்ல இடம் அமையும்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிப்பதில்லை, அதனால் திங்கட்கிழமையும் ஸ்டோருக்கு லீவு. கொழுந்து பறித்தவர்களோடு மலையில் சுற்றினேன். ஒவ்வொரு லயத்திலும் ஒரு சாயத்தண்ணி. "திருச்சியில எங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. தன் பூர்வீகம் முசிறி என்பார் ஒருவர், லால்குடி என்பார் இன்னொருவர். பிறந்ததெல்லாம் இந்த மலையில்தான். ஒருவரும் முசிறியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் காவிரியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று என்னிடம் விசாரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற சத்தத்தில் விழித்துக்கொண்டேன். ஆட்களைப் பெயர் கொடுக்க அழைக்கிற சத்தம் அது. அத்தை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள், மாணிக்கம் குளித்துக்கொண்டிருந்தார். இதுதான் சமயம் என்று கிளம்பினேன். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயால் அந்த மெழுகை எல்லாம் கழுவித் தள்ளினேன். பிறகு என் டின்னைக் கவிழ்த்தேன். செயின் கண்ணாடியாக மின்னியது. பெடலை ஒரு சுற்று விட்டால் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஸ்டோரிலிருந்து ஓடிவந்த ஒரு ஆள், "மாணிக்கம் அண்ணே, டீமேக்கர் ஐயாவுக்குச் சளி புடிச்சு மூக்கு அடைச்சுப் போச்சு. ஒங்கள ஒடனே வரச் சொல்றாங்க" என்றான்.

மூக்கு அடைத்தால் டாக்டரைக் கூப்பிடாமல் மாணிக்கத்தை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று யோசிப்பதற்குள் மாணிக்கம் தூற்றலில் பறந்துவிட்டார். அன்று எனக்கு ஸ்டோரைச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. தலைக்கு நன்றாக எண்ணெய் தடவிச் சீவி, மூக்குப்பொடி ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு நானும் நடந்தேன்.

ஸ்டோர் வாசலில் மாணிக்கம் மழையில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை மேஜோடு முழுவதும் கறுப்புப் புள்ளி. கை முழங்கை வரைக்கும் கறுப்பு. வாசற்படியில், தேயிலை தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கர், மூக்கில் கைக்குட்டையோடு, வயதான தமிழர், இரண்டு கையையும் அகலமாக வைத்து வழியை மறித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். மாணிக்கத்தின் வேலை மூட்டை நிறுப்பது இல்லை, முகர்வது. உருட்டி நசுக்கிய கொழுந்தைத் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். அது பச்சை வாடை போய்ப் பழ வாசனைக்கு வருகிற ஒரு நேரம் உண்டு. அப்போது அடுப்புக்கு அனுப்பவேண்டும். முந்தினால் பச்சையடிக்கும், பிந்தினால் சப்பென்று போகும். அந்த நேரத்தைச் சொல்ல ஸ்டோரில் இருப்பது இரண்டு மூக்கு. ஒன்று அன்று அடைத்துக்கொண்டது.

தேயிலை அக்கம்பக்கத்து வாடையை எல்லாம் வாரி உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். அதனால் பூ வைத்தவர்கள், வாசனை எண்ணெய் தேய்த்தவர்கள் எவரும் உள்ளே போகக்கூடாது. மண்ணெண்ணெய் என்றால் கேட்கவே வேண்டாம். மாணிக்கத்துக்குப் பாதி வழியிலேயே வாடை தெரிந்துவிட்டது. இறங்கிச் செயினைத் தேயிலை இலையால் துடைக்கப் போய், அது கையெல்லாம் அப்பிக்கொண்டது. என் எண்ணெய் லேசில் போகாது. அதுதான் அதன் பெருமை.

"உள்ள கொழுந்து கெடக்கு. கொழும்புக்கு இன்னைக்குச் சாம்பிள் தேயிலை போகணும். கெட்டுதுன்னா தொரைக்குப் பதில் சொல்ல வேண்டியது இவர்தான்" என்றார் டீமேக்கர். "எந்த மடையன் இந்தச் செயின்ல கைய வச்சான்?"

மாணிக்கம் என்னைப் பார்க்கவில்லை. செயினைப் பார்த்துக்கொண்டு, "தெரியாம நடந்துபோச்சுங்க ஐயா" என்றார்.

எனக்கு அங்கேயே மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போகலாம் போலிருந்தது. "அந்த மடையன் நான்தான்" என்று முன்னால் போனேன். டீமேக்கர் அடைத்த மூக்கோடு ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பின்னால் போகும்படி கை காட்டினார். அந்தச் சளியையும் மீறி நான் மணத்திருக்கிறேன்.

மாணிக்கம் சாம்பலையும் கசக்கிய கொழுந்தையும் போட்டுக் கையைத் தேய்த்தார். போகவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மாணிக்கமே ஒரு வழி சொன்னார். மேஜோட்டையும் கோட்டையும் கழற்றி எறிந்துவிட்டு, கட்டடத்தின் பின்பக்கம் ஓடினார். அங்கே கொழுந்து பரப்பியிருக்கும் அறையின் ஜன்னல். இரண்டு கையையும் முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு, ஒரு கல்லின் மேல் ஏறி, தலையை மட்டும் நீட்டினார். எண்ணெய் காணாத அந்தத் தலையை. உள்ளே இருந்து ஒருவர் ஒரு பிடி கொழுந்தைக் கொண்டுவந்து அவர் மூக்கருகில் காட்டினார்.

"இன்னும் இல்லீங்க."

மழை முதுகில் கொட்டியது. நான் ஒரு கித்தான் சாக்கைப் பிடிக்கப் போனேன். "நீங்க அங்கயே நில்லுங்க மச்சான்" என்றார், திரும்பாமலே. நான் அங்கேயே நின்றேன். மறுபடி ஒரு பிடி. மறுபடி "இன்னும் இல்லீங்க". கமலாவின் கல்யாணம், இந்தப் பையனின் வேலை, இரண்டும் அந்த ஜன்னலில் தொங்குவதாகப் பட்டது எனக்கு. மலைக்கோட்டைப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். அடுத்த பிடிக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப வாரி அடுப்புக்கு அனுப்புங்க. சொணங்காதீங்க."

உள்ளே மண்வெட்டிகள் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. எங்கள் கடையில் எந்தச் சைக்கிள் ஓடிய சத்தமும் அவ்வளவு இனிமையாக எனக்குக் கேட்டதில்லை.

பிற்பகலில் அந்தத் தேயிலையை ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, டீமேக்கர் எனக்கும் ஒரு கோப்பை வெளியே கொடுத்தனுப்பினார். நான் இன்னமும் உள்ளே வரத் தகுதியாகவில்லை. வாசலில் நின்று குடித்தேன். பழ வாசனை இருந்தது. என் எண்ணெய் வாசனை இல்லை.

"நீங்க சொல்லியிருக்கலாமே, மாணிக்கம்" என்றேன் திரும்பும்போது.

"சொல்ல வந்தேங்க மச்சான். ரெண்டு நாளா வந்தேன்."

வீட்டில் அத்தை மேஜோட்டை மூன்று தடவை துவைத்தும் கறை அசையவில்லை. "கொடுங்கள் அத்தை, இந்த எண்ணெயைத் துவைக்கத் தெரிந்த ஒரே ஆள் கமலாதான்" என்று வாங்கிப் பெட்டியில் வைத்தேன். மாணிக்கத்துக்குக் கூச்சம், ஆனாலும் தடுக்கவில்லை. மிஞ்சிய எண்ணெயோடு என் டின்னை மஸ்கெலியா பஸ் டிரைவருக்குக் கொடுத்துவிட்டேன். அந்த பஸ்ஸுக்கு அது தேவைதான்.

அட்டன் ஸ்டேஷனில் ரயில் கிளம்பப் போகும்போது மாணிக்கம் ஜன்னலருகில் வந்தார். நெடுநேரம் என் பெட்டியைப் பார்த்தார்.

"மச்சான், ஒங்க தங்கச்சி... தலைக்கு மல்லியப்பூ வச்சுக்குவாங்களா?"

"பைத்தியமாக வைத்துக்கொள்வாள்" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் யோசித்தார். ரயில் நகர்ந்தது. கூடவே நடந்தபடி, "ஞாயித்துக்கெழம ஸ்டோரு இல்லீங்க" என்றார்.

வீட்டில் அம்மா வீடு, சம்பளம், குணம் என்று வரிசையாகக் கேட்டாள். கமலா கதவோரம் நின்றாள். நான் பெட்டியைத் திறந்து மேஜோட்டை எடுத்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"அவரும் எண்ணெய்க் கைதானா, அண்ணே?"

இல்லை கமலா, இது உன் அண்ணன் எண்ணெய் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலில் தலையை நீட்டியதைச் சொல்லும்போது அம்மாவே சிரித்துவிட்டாள். கமலா சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரத்தையும் சொன்னேன். அவள் மேஜோட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

நெடுநேரம் துவைக்கிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. எட்டிப் பார்த்தேன். கொடியில் என் கறுத்த வேட்டிகளுக்கு நடுவே இரண்டு வெள்ளை மேஜோடு ஆடிக்கொண்டிருந்தன. கமலா ஒன்றைப் பிடித்து மூக்கருகில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் அதை விடவில்லை.

"அண்ணே" என்றாள், "சோப்பு வாசனை இருந்தா அவரை உள்ளே விடுவாங்களா?"